செல்வி பேரில் இருந்த கடன்

டைல்ஸ் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வருவார்கள். புருஷன் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பான். பெண்டாட்டி குனிந்து கல்லைத் தடவிப் பார்ப்பாள். புதுக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் கடையில் இதைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வீட்டில் யார் சொல்வது நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுச் சேர்ந்து தலையசைக்கிற ஜோடிதான் நல்ல ஜோடி. அப்படிப்பட்டவர்களுக்குக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லி முதலாளியிடம் நானே பேசியிருக்கிறேன். குடும்பத்தில் பணம் என்று வந்தால் இருவருக்கும் அதில் பொறுப்பு இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றவற்றை நீங்கள் புரிந்துகொள்வது சுலபம்.

என் பெயர் செம்மல். குடுமியான்மலைக்குப் பக்கத்தில் சொந்த வீடு. மனைவி அன்புச்செல்வி, செல்வி என்று கூப்பிடுவேன். திருமயத்துப் பக்கம் பிறந்தவள், பிளஸ் டூ படித்தவள், வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். ஒரே மகள் கார்முகில், எட்டாம் வகுப்பு. செல்விக்கும் எனக்கும் சண்டை நடந்து அக்கம்பக்கத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் குடிப்பதில்லை. அவள்மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. இதெல்லாம் நீங்களே விசாரித்திருப்பீர்கள்.

வரவு செலவு முழுவதையும் அவள் பொறுப்பில்தான் விட்டிருந்தேன். எத்தனை ஆண்கள் அப்படி விடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் கைச்செலவு, பெட்ரோல், கல்யாணம் காதுகுத்து என்று போகிற இடங்களில் செய்ய வேண்டிய மொய், இவற்றைச் சம்பளத்தில் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவளிடம் கொடுத்துவிடுவேன். அரிசி, கேஸ், பள்ளிக்கூடம், கரண்ட் எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று நான் குடைந்து கேட்டதே இல்லை. சில மாதங்களில் மிச்சம் என்று ஒன்றும் இருக்காது. அந்த மாதங்களிலும் நேரத்துக்குச் சோறு வந்தது. அந்த அளவுக்கு அவளை நம்பினேன்.

அவளிடம் ஒரு குறை உண்டு. ஓட்டைக் கை. மணமேல்குடிப் பக்கமிருந்து மீன் வண்டி வந்தால், பிள்ளை ஆசைப்பட்டாள் என்று வாங்கிவிடுவாள். தையல் மிஷினுக்கு மோட்டார் வேண்டும் என்று ஒரு தடவை வாங்கினாள். மிதித்து மிதித்து முழங்கால் வலிக்கிறதாம். அவளுடைய அண்ணன் குழந்தைக்கு ஒரு வெள்ளிக் கொலுசு. நான் எதற்கும் தடை சொன்னதில்லை. எப்போதாவது சொல்லிக்காட்டியிருப்பேன், அவ்வளவுதான்.

என்னைப் பொறுத்தவரை செலவு வேறு, மதிப்பு வேறு. மீன் அன்றைக்கே தீர்ந்துபோகும். வீட்டுக்கு மாடி எடுத்துக் கட்டினால் அது ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்துகூடத் தெரியும். மாடியில் யாரும் படுப்பதில்லை என்று செல்வி சொல்வாள். படுப்பதற்காக மட்டுமா வீடு கட்டுகிறோம்? டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறவன் வீட்டுத் தரை சிமெண்டாக இருந்தால் என்னை நம்பி யார் கல் வாங்குவார்கள்? குஜராத்திலிருந்து வந்த பெரிய சைஸ் கல்லைப் போட்டேன். நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவுதான் அது. நான் அவளிடம் கல்லைக் காட்டினேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்ப எதுக்குங்க என்றுதான் கேட்டாள்.

அடுத்து கார்முகிலுக்குக் காதணி விழா வைத்தோம். நான் ஊரில் எல்லோர் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாகப் போய் மொய் செய்கிறவன். செய்தது திரும்பி வர வேண்டுமானால் நம் வீட்டிலும் ஒரு விசேஷம் நடக்க வேண்டும். அது இந்தப் பக்கத்து வழக்கம், உங்களுக்குத் தெரியாததில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் பேனர் கட்டினேன். ஆட்டுக்கறி விருந்து, செண்டை மேளம், வாசலில் மின்விளக்கு வளைவு. மொய் வரும் என்று நம்பிக் கடன் சொல்லித்தான் செய்தோம். எங்கள் கெட்ட நேரம், அதே முகூர்த்தத்தில் அன்னவாசலில் பெரிய இடத்து விசேஷம் ஒன்று வந்துவிட்டது. பாதிக் கூட்டம் அங்கே போய்விட்டது.

வந்த மொய்யைச் செல்வி அன்று சாயங்காலம் ஒரு குடத்தில் போட்டு என் முன்னால் வைத்தாள். "இதுல நாம செஞ்சு திரும்பி வந்தது கொஞ்சம்தாங்க. மத்ததெல்லாம் நாம திருப்பிச் செய்ய வேண்டிய காசு. சமையக்காரருக்கும் பந்தலுக்கும் குடுத்துட்டு மிச்சத்த அப்படியே வச்சிருப்போம்" என்றாள். நியாயமான பேச்சுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதம் நல்ல நிலைமையில் ஒரு பழைய கார் விலைக்கு வந்தது. விசேஷம் செய்த வீட்டு வாசலில் ஒரு கார் நின்றால், விசேஷத்தில் நஷ்டம் என்று யாரும் பேச மாட்டார்கள். அந்தக் காரில்தான் அவளை அவள் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். காற்று வாங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

சமையல்காரர் வாசலுக்கு வர ஆரம்பித்த பிறகுதான் குழுக் கடன் வந்தது. அந்தக் கடனைப் பெண்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். எங்கள் தெருவில் அடைக்கலமேரி என்று ஓர் அம்மாள் இருக்கிறார், அவர்தான் குழுவுக்கு லீடர். அவர் வீட்டில்தான் மீட்டிங் நடக்கும், அங்கேதான் தவணை வாங்குவார்கள். செல்வி கையெழுத்துப் போட்டாள். கணவர் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள், நானும் போட்டேன். பார்த்தீர்களா, அங்கேயும் நான் ஒதுங்கவில்லை.

அந்தக் கடனில் சமையல்காரரும் பந்தல்காரரும் போனார்கள். பிறகு அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு கம்பெனியில் வாங்கினாள். அதற்குள் எனக்கு மொய் திருப்பிச் செய்ய வேண்டிய வீடுகள் வரிசையாக வந்தன. வாங்கியதைவிடக் கூட்டிச் செய்தால்தான் மரியாதை. அதற்காக மூன்றாவதாக ஓர் இடத்தில் வாங்கினாள். ஒவ்வொரு தடவையும் நான்தான் அவளை வண்டியில் கூட்டிப்போய், அவள் கையெழுத்துப் போட்டு வரும் வரை வெயிலில் நின்று காத்திருந்து கூட்டி வந்தேன். கடன் எல்லாம் அவள் பேரில் ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு பெண் பேரில் இவ்வளவு கடன் இருப்பது நல்லதல்ல என்று அவளிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

தவணை வசூலுக்கு வருகிறவர் பேர் பீட்டர். சின்ன வயது, மரியாதையான பையன். குரலை உயர்த்த மாட்டார். பணம் வரும் வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். ஒருத்தி கட்டவில்லை என்றால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் சேர்ந்து அதைக் கட்ட வேண்டும். அதனால் அவர்களும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். செல்வியிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்களே அவர்கள்தான். கொஞ்ச நாளில் துணி கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். நான் காலையில் சீக்கிரமே கடைக்குக் கிளம்பிவிடுவேன். எனக்கு வேலை அப்படி. தவணை நாட்களில் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது.

ஒரு தடவை அவள் கடைக்கே வந்துவிட்டாள். நான் காரைக்குடியிலிருந்து வந்திருந்த ஒரு ஜோடிக்கு வாசல் கல் காட்டிக்கொண்டிருந்தேன். செல்வி கதவோரமாக நின்றாள். அவர்கள் போகும் வரை நின்றாள். நான் அவளுக்கு ஃபிரிட்ஜிலிருந்து குளிர்ந்த தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"ஏங்க, ஒரே ஒரு தடவ நீங்க வந்து அவங்க முன்னாடி ஒக்காருங்க" என்றாள். "பேசக்கூட வேணாம். சும்மா எம் பக்கத்துல ஒக்காந்தாப் போதும்."

"கடன் ஒம் பேர்ல இருக்கு. நான் வந்து ஒக்காந்தா ஒனக்குத்தான் கேவலம்" என்றேன்.

"அப்ப கார வித்துருவோம்."

காரை விற்றால் ஊர் என்ன பேசும் என்பதை அவளுக்கு விளக்கினேன். குரலை உயர்த்தவில்லை. வாடிக்கையாளரிடம் பேசுவதுபோலத்தான் பேசினேன். கடைசியில் அவள் தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, "ஒங்களுக்கு நாஞ் சொல்றது கேக்குதா இல்லையான்னே எனக்குத் தெரியலங்க" என்றாள். கேட்டது என்று சொன்னேன். அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் வயலில் இறங்கினாள். அப்பா வழியில் எனக்கு வந்த கொஞ்சம் நிலம் இருக்கிறது, ஒரு கிணற்றோடு. சும்மா கிடந்தது. அதில் கத்திரியும் வெண்டையும் போட்டுச் சந்தைக்கு அனுப்பினாள். விடியும்போது போவாள், மகள் பள்ளிக்கூடம் போகும் நேரத்துக்குத் திரும்பி வந்து சமைப்பாள், மறுபடி போவாள். மெலிந்துவிட்டாள். அது அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்; ஒரு தடவை சொல்லவும் செய்தேன்.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. உள்பக்கம் கல் படிகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஓர் ஆள் பக்கவாட்டில் இறங்கலாம். மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் அவளே படியில் இறங்கி, குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை எடுத்துவிட்டு ஏறுவாள். ஆள் வைத்தால் கூலி. படியில் இரண்டு கல் ஆடுகிறது, கடையிலிருந்து கொஞ்சம் சிமெண்ட் கொண்டுவந்து பூசிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தாள். தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று சொல்லியிருந்தேன். தீபாவளி முடிந்து கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. அது யாருடைய தவறும் இல்லை.

மருதாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துக் குடியிருப்பில் இருந்த பெண், அதே கம்பெனியில் கடன் வாங்கியவள். மழைக்காலத்தில் பாம்பு கடித்து இறந்துவிட்டாள். துக்கம் கேட்கப் போன இடத்தில் பீட்டரைப் பார்த்தேன். இனி இந்த வீட்டில் தவணை கேட்பீர்களா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். இல்லை சார் என்றார். கடன் கொடுக்கும்போதே இன்சூரன்ஸ் போட்டுவிடுகிறார்களாம்; கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் கடன் அதோடு முடிந்துவிடும். கடன் வாங்கியவரின் கணவர் இறந்தாலும் அப்படியே. எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தானா என்று கேட்டேன். பெரும்பாலும் இப்படித்தான், ஆனால் தவணை பாக்கியில்லாமல் இருக்க வேண்டும், பாக்கி இருந்தால் இழுத்தடிப்பார்கள் என்றார். நான் கேட்டது ஒரு பொருளைப் பற்றிக் கேட்பதுபோலத்தான். என் தொழிலில் எதையும் முழுதாகத் தெரிந்துகொள்வது பழக்கமாகிவிட்டது.

அன்று சாப்பிடும்போது செல்வியிடம் இதைச் சொன்னேன். ஒரு செய்தியாகச் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். "அப்ப நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தரு போனாப் போதும்னு சொல்லுங்க" என்றாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. அந்தப் பேச்சை முதலில் எடுத்தது அவள்தான் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நானாக அப்படி யோசித்திருக்க மாட்டேன்.

ஆனால் அவள் சொன்ன பிறகு யோசித்தேன். பாரபட்சம் இல்லாமல்தான் யோசித்தேன். நான் போனால் சம்பளம் நின்றுவிடும். பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு பொம்பிளை தனியாக என்ன செய்வாள்? நான் மொய் செய்த வீட்டுக்காரர்களெல்லாம் அவளுக்குத் திருப்பிச் செய்வார்களா? அவள் போனால், கடன் அவள் பேரில் இருப்பதால் அவளோடு போய்விடும். சம்பளம் இருக்கும். வீடு, கார், எல்லாம் இருக்கும். இதை ஓர் ஆசையாக நான் நினைக்கவில்லை. இரண்டு கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது தரைக்குப் பொருந்தும் என்று பார்ப்பதில்லையா, அப்படிப் பார்த்தேன். பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். மறுநாள் வழக்கம்போலக் கடைக்குப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை இலுப்பூரில் ஒரு புதுமனைப் புகுவிழா. எனக்குச் செய்தவர், திருப்பிச் செய்தாக வேண்டும். கடையில் லீவு சொல்லியிருந்தேன். கையில் பணமில்லை. அன்று செல்விக்குத் தவணை நாள் என்பதும், கத்திரிக்காய் விற்ற பணத்தைத் தவணைக்கு என்று வைத்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். வீட்டில் தேடினேன், இல்லை. அவள் பணம் வைக்கும் பர்ஸ் ஒன்று உண்டு. ஜாக்கெட் வெட்டிய துண்டுகளை ஒட்டுப்போட்டு அவளே தைத்தது. அதை விடியற்காலையிலேயே வயலுக்கு எடுத்துப் போய்விட்டாள். வயலிலிருந்து நேராக மீட்டிங்குக்குப் போய்விடுவாள் போலிருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளலாம் என்று வெள்ளைச் சட்டை வேட்டியோடு வயலுக்குப் போனேன். கார்முகில் டியூஷனுக்குப் போயிருந்தாள்.

மோட்டார் ஓடவில்லை. செல்வியைக் காணோம். கூப்பிட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து பதில் வந்தது.

எட்டிப் பார்த்தேன். மழைக்குத் தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. கழுத்து வரை தண்ணீரில், ஒரு கையால் மோட்டார் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றக் கை ஒரு மாதிரியாக மடங்கியிருந்தது. நெற்றியில் ரத்தம். அவளுக்கு நீச்சல் தெரியாது.

"வந்துட்டீங்களா" என்றாள். "படிக்கல்லு பேந்துருச்சுங்க. கைய ஊன முடியல. கொட்டகையில கயிறு கெடக்கு, எடுத்துப் போடுங்க."

"கெட்டியாப் புடிச்சுக்க. வாரேன்" என்றேன்.

மோட்டார் கொட்டகை கிணற்றை ஒட்டித்தான் இருக்கிறது. உள்ளே போனேன். ஆணியில் கயிறு மாட்டியிருந்தது, நல்ல நைலான் கயிறு. பக்கத்து ஆணியில் அவளுடைய பர்ஸ் தொங்கியது. நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. எதையும் முடிவு செய்ததாகவும் எனக்கு நினைவில்லை. பர்ஸை எடுத்தேன். கயிற்றை எடுக்கவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கயிறு கண்ணில் படவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பியிருப்பீர்கள். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

வெளியே வந்து, போய் ஆள் கூட்டி வருகிறேன் என்று கிணற்றுப் பக்கம் பார்த்துச் சொன்னேன். "ஆளு எதுக்குங்க, நீங்க ஒருத்தரே தூக்கிருவீங்களே" என்றாள். வண்டியைக் கிளப்பும்போது இன்னொரு தடவை "ஏங்க" என்று கூப்பிட்டாள்.

வண்டியில் போகும்போது யோசித்தேன். பர்ஸில் இருந்த பணம் மொய்க்குப் போதும், இல்லையென்றால் தவணைக்குப் போதும், இரண்டுக்கும் சேர்த்துப் போதாது. வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் இலுப்பூருக்குத்தான் போயிருப்பேன். அன்று போகவில்லை. முதல் தடவையாகக் குடும்பக் கடனை முன்னால் வைத்தேன். அடைக்கலமேரி வீட்டுக்குப் போனேன்.

மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. பெண்களெல்லாம் பாயில் உட்கார்ந்திருந்தார்கள், பீட்டர் நாற்காலியில். செல்வி வரவில்லையா என்று அடைக்கலமேரி கேட்டார். வயலில் வேலையாக இருக்கிறாள், அதனால் நான் கட்டிவிட்டுப் போகிறேன் என்றேன். பர்ஸிலிருந்து பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பழைய பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். இல்லை சார், கரெக்டா இருக்கு என்றார் பீட்டர். மற்ற இரண்டு கம்பெனிக்கும் அந்த வாரம்தான் அவள் கட்டியிருந்தாள். எனக்குக் காப்பி வந்தது. அவசரமாக எழுந்து போனால் நன்றாக இருக்காது, குடித்தேன். பாயில் இருந்த ஒரு பெண், புருஷன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். செல்வி அதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இத்தனை நாள் அவர்கள் முன்னால் வந்து உட்காரச் சொல்லித்தானே கேட்டாள். உட்கார்ந்தேன்.

திரும்பிப் போனபோது குழாயில் யாரும் இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதன் பிறகுதான் கத்தினேன். பக்கத்து வயல்காரர்கள் ஓடி வந்தார்கள். தீயணைப்பு வண்டி வந்து எடுத்தார்கள். நான் மண்ணில் புரண்டு அழுதேன். சட்டை வேட்டியெல்லாம் செம்மண். அது நடிப்பு இல்லை. அவளோடு இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன்.

இறுதிக் காரியம் எல்லாம் குறைவில்லாமல் செய்தேன். பேனர் அடித்தேன். நல்ல கூட்டம். எல்லோரும் என்னைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். அடைக்கலமேரி மட்டும் கிட்டே வரவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து செல்வியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து போகும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "காலையில போன்ல பேசுனா. பர்சு வயல்ல இருக்கு, மோட்டாரப் போட்டுட்டு எடுத்துக்கிட்டு நேரா வாரேன்னா. அந்தப் பர்சுலேர்ந்துதானே நீங்க காசு எடுத்துக் குடுத்தீங்க?"

நான் ஆமாம் என்றேன். வயலுக்குப் போகாமல் பர்ஸ் என் கைக்கு வந்திருக்க முடியாது. போனவன், செல்வி வேலையாக இருக்கிறாள் என்று சொன்னேன். அந்த நேரத்தில் அவள் என்ன வேலையில் இருந்தாள் என்பதை அவர் மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். அதன் பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார் என்று கேள்விப்பட்டேன். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. லீடராக இருப்பவர் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நீங்கள் இதைக் கொலை என்று எழுதப்போகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். நான் அவளைத் தொடவில்லை. கல்லை நான் பெயர்க்கவில்லை. ஆனாலும் அவள் சாவதற்கு நான்தான் காரணம் என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். கயிற்றைப் போட்டிருந்தால் அவள் ஏறியிருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏறிய பிறகு மறுபடி அதே தவணை, அதே பாய், அதே நாற்காலி. அதை அவள் எவ்வளவு நாள் தாங்கியிருப்பாள்? ஒரு சின்ன உதவி மட்டும் கேட்கிறேன். கேஸ் இருப்பதால் கம்பெனிக்காரர்கள் கடனைத் தள்ளாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். இறந்த அன்றைக்குப் பாக்கி எதுவும் இல்லை என்பதை நீங்கள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தவணையைக் கட்டியவன் நான். பணம் அவள் பர்ஸில் இருந்தது என்று சொல்வார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் உன் பணம் என் பணம் என்று பிரித்துப் பேசுவது சரியில்லை.

கார்முகில் இப்போது திருமயத்தில் மாமா வீட்டில் இருக்கிறாள். ஒரே ஒரு தடவை என்னைப் பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா ரொம்ப நேரம் கூப்பிட்டுச்சாப்பா?"

பிள்ளையிடம் எதையும் மறைக்கக் கூடாது. ஆனால் நான் அங்கே இருந்தது கொஞ்ச நேரம்தான், அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டாளா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் சொன்னேன். அம்மா பயப்படவே இல்லை என்றேன். அப்பா திரும்பி வருவார் என்று அம்மாவுக்குத் தெரியும் என்றேன். அது உண்மை. செல்வி கடைசி வரைக்கும் என்னை நம்பினாள், நானும் அவளை ஏமாற்றவில்லை. வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன், சொன்னபடி வந்தேன்.